தம்பி எதையும் மெல்லவில்லை

எங்கள் வீட்டில் முதலில் கோபப்படுவது என் வேலை, விசாரிப்பதெல்லாம் பிறகுதான். அன்றைக்கு மாதா கோயில் பூசையிலும் அதைத்தான் செய்தேன்.

பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க ஒரு மணி நேரம் முன்பிருந்தே வாயில் எதுவும் போடக் கூடாது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற தம்பியோ அசைபோட்டுக்கொண்டிருந்தான். சில மாதங்களாகவே அப்படித்தான். பாக்குப் பழக்கம் என்று முடிவுகட்டி, தினமும் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குள்ளேயுமா என்று ஆத்திரம் வந்துவிட்டது. கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தேன்.

“இன்னாடா வாயில? தொற.”

திறந்தான். ஒன்றுமில்லை. நாக்கு மட்டும் தானாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஊரே பார்த்தது.

அதற்குப் பிறகு பூசைக்கு வருவான், நற்கருணைக்கு எழுந்திருக்க மாட்டான். காதில் குரல் கேட்கும் நோயோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிறவனுக்கு வாரத்தில் ஆறுதல் அது ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

செஞ்சியில் பஸ் ஏறி, அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் விழுப்புரம் போனோம். அவர் நாக்கைப் பார்த்தார், விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கவிட்டார்.

“இவர் எதையும் மெல்லலைங்க. குரல் கேக்காம இருக்கத் தர்ற மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா, சிலருக்கு வாய் இப்படித் தானா அசையும்.”

“அப்ப நிறுத்திடலாமா?”

“நீங்களா நிறுத்தவே கூடாது. மாத்திரையை மெதுவா மாத்திப் பாக்கலாம். அசைவைக் குறைக்கவும் மருந்து இருக்கு. முழுசா போயிடும்னு சொல்ல முடியாது.”

மூளையே சுரக்கும் நியூரோஸ்டீராய்டு என்ற பொருளை வைத்தும் இந்த அசைவுக்கு ஆராய்ச்சி நடக்கிறதாம். மருந்தாகுமா என்று இன்னும் உறுதியில்லையாம். அந்தப் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே.

திரும்பும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன்.

“வுடுக்கா. நீ திட்டும்போதெல்லாம், பாக்கா இருந்தா வுட்டுடலாமேன்னு நெனப்பேன்” என்றான்.

அடுத்த ஞாயிறு நற்கருணை நேரம் வந்தது. அவன் எழவில்லை. நானும் எழவில்லை. வரிசை குறைந்துகொண்டே போனது.

“நீ போக்கா.”

“நீ வந்தா போறேன்.”

என் பக்கம் திரும்பினான். “எல்லாரும் பாக்க இழுத்தல்ல? எல்லாரும் பாக்கக் கூட்டினு போ.”

கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் வாய் அசைந்துகொண்டேதான் இருந்தது. சாமியார் கொடுத்தார், வாங்கிக்கொண்டான்.