சத்தம் வராத ரிதம் பேட்

ராயபுரம் மாதா கோயில் திருவிழாக் கச்சேரியில் நான் கீபோர்டு, சகாயம் ரிதம் பேட். தாளம் உட்பட இசை முழுவதும், முன்பே பதிந்து என் கீபோர்டில் போட்ட ஃப்ளாப்பியிலிருந்தே ஓடும். நாங்கள் இருவரும் வாசிப்பதுபோல் கையை அசைப்போம். ஆனால் கைதட்டல் மட்டும் குச்சி சுழற்றும் அவனுக்கே. எனக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய புது மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அன்று, பாட்டின் நடுவே தாளத்தை மட்டும் அணைத்தேன். அவன் அடிக்கிறான், சத்தமே இல்லை.

"இன்னா மாமு, கொசு அடிக்கிறியா?" என்று யாரோ கத்த, கூட்டம் கெக்கலித்தது. அவன் மனைவியும் சிரித்துவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் சகாயம் சொன்னான்: "நீயும் வாசிக்கலன்னு மைக்ல சொல்ல எவ்ளோ நேரமாவும்? உங்கம்மா முன்னால குந்தினு இருந்துச்சு. அதான் வுட்டேன்."

அதன்பின் அவன் மேடை ஏறவேயில்லை. அம்மா இன்றும் வருபவர்களிடமெல்லாம், "எம்புள்ள விரலு பேசும்" என்கிறாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். விரல்களை மடக்கிக்கொள்கிறேன்.