குழந்தையைத் தூக்கி வந்தவர்

நடந்தவை, வரிசைப்படி:

1. அந்த ஊர் மாதா கோயில் திருவிழாவில் தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்று கீழத் தெருவுக்கும் மேலத் தெருவுக்கும் பேச்சு வந்தது. கீழத் தெருவில் இருப்பவர்கள் கிறிஸ்தவர்கள்.

2. மறுநாள் சாயங்காலம் கீழத் தெருவில் ஏழு கூரை வீடுகளும், கோயிலை ஒட்டியிருந்த ஓட்டு அறையும் எரிந்தன. உயிர் யாருக்கும் போகவில்லை.

3. போலீஸ் வந்தது. மேலத் தெரு இளைஞர்கள் சிலர் மேல் வழக்குப் போட்டார்கள்.

4. சுற்றுவட்டாரக் கோயில் பங்குகளிலிருந்து அரிசி, பாய், சிமெண்ட் ஷீட் வந்தன. மழைக்கு முன்னால் ஏழு வீடுகளுக்கும் கூரை ஏறிவிட்டது.

5. எரிந்த அறையில் ஒரு மர அலமாரி இருந்தது. அதற்குள் ஊரின் ஞானஸ்நானப் பதிவேடுகள் இருந்தன. மூன்று மாதம் அவற்றை யாரும் நினைக்கவில்லை.

6. பொங்கல் கழிந்து, கீழத் தெருப் பெண் ஒருத்திக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை நிச்சயமானது. கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். அப்போது நினைத்தார்கள்.

நான் திண்டிவனத்துக்காரி. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுப்போம். அந்த ஊர்ப் பங்குச் சாமியார் ஒருநாள் வெறுங்கையோடு படியேறி வந்தார்.

“எரிஞ்சுபோன புக்கை மறுபடி அடிக்க முடியுமாம்மா?”

“ஒரிஜினல் இருக்கா ஃபாதர்?”

“இல்ல.”

“ஜெராக்ஸ்?”

“இல்ல.”

“அப்ப எதைப் பார்த்து அடிக்கறது?”

“ஆளுங்களப் பார்த்துதான்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பூசை முடிந்ததும் கோயிலுக்கு வெளியே புங்கமரத்தடியில் ஒரு மேஜை போட்டார்கள். நான் ஒன்பது கட்டம் போட்ட படிவங்களை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்துக்கொண்டு போயிருந்தேன். பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கொடுத்த குருவானவர், கண்ணால் கண்ட சாட்சி. நல்ல படிவம் என்றுதான் நினைத்தேன். முதல் ஆளிடம் தேதி கேட்டதுமே அது படுத்துவிட்டது.

“பெரியவனுக்குக் குடுத்தப்ப மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தோம்” என்றார் ஒருவர், வேர்க்கடலை அறுவடையைச் சொல்லி.

“அது சின்னவனுக்குய்யா” என்றார் அவர் மனைவி. “பெரியவனுக்கு நீ ஊருலயே இல்ல.”

“ஊருல இல்லாம புள்ள எங்கருந்துடி வந்தான்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தீ வைத்த நாளுக்குப் பிறகு அந்த இடத்தில் சிரிப்பைக் கேட்பது அதுதான் முதல் தடவை என்று சாமியார் பிறகு சொன்னார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் குனிந்தார். “பெரியவனை எங்க நாத்தனாரு தூக்கிக்கினு போச்சும்மா. புதுச் சேலை கட்டிக்கினு போயி, வழியெல்லாம் சேறு. புயல் அடிச்ச வருஷம். எழுதிக்க.”

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை வெளியே வரமாட்டாள். குழந்தையைக் கோயிலுக்கு வேறு யாராவதுதான் தூக்கி வருவார்கள். தேதி மறந்துபோகிறது; தூக்கி வந்த கை மறப்பதில்லை. அந்த ஆளைச் சொன்னதும் அவர் கட்டியிருந்த சேலை வரும், சேலையோடு மழையோ வெயிலோ வரும், அதோடு வருஷமும் வந்துவிடும். பேனாவால் பத்தாவதாக ஒரு கட்டம் கோடு போட்டேன். ‘குழந்தையைத் தூக்கி வந்தவர்’ என்று தலைப்பு எழுதினேன். இரண்டாவது ஞாயிறு முடிவதற்குள் கீழத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

கல்யாணப் பெண் கடைசியாக வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் என் வயதுதான். அவளுடைய கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காலியாக நின்றன. அம்மா பிரசவத்துக்குப் பின் ஒன்பதாம் நாள் இறந்துபோனார். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் இப்போது இல்லை. கொடுத்த சாமியாரும் காலமாகிவிட்டார். அவளுடைய அண்ணனுக்கு அன்றைக்கு அம்மை போட்டிருந்ததால் பக்கத்து ஊரில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள்.

“தூக்கி வந்தது யாரு?”

அவள் மேஜையைப் பார்த்தாள். “சின்னம்மா.”

“அவுங்க இருக்காங்களா?”

“இருக்காங்க. மேலத் தெருவுல.”

பின்னால் நின்ற அண்ணன்தான் மீதியைச் சொன்னார். சொந்தத்தில் சின்னம்மா இல்லை. அம்மா இறந்தபோது, மேலத் தெருவில் ஒரு பெண் அப்போதுதான் மகன் பெற்றிருந்தார். இந்தக் குழந்தையையும் கொண்டுபோய் அவர் மடியில் போட்டார்கள். எட்டு மாதம் அவர் பால் கொடுத்தார். கோயிலுக்கும் அவர்தான் தூக்கி வந்தார். அவர் கை மாறினால் குழந்தை அழும். அந்த மகன் இப்போது வழக்கில் இரண்டாவது பெயர்.

“எங்கூட்டை எரிச்சவன் அம்மா சாட்சி நமக்கு வேணாம்” என்றார் அண்ணன். எரிந்த ஏழில் அவர் வீடும் ஒன்று.

“எனக்கு வேணும்ணா” என்றாள் அவள். “பால் குடிச்சது நானு.”

சாமியாரிடம் கேட்டோம். நேரில் பார்த்த நம்பகமான ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும், அந்த ஆள் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தில் இல்லை என்றார். சாட்சியே கிடைக்காவிட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது என்றார். ‘இதுவரை பெறாமல் இருந்தால்’ என்று சொல்லி மறுபடி தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம்.

அதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்ப இத்தினி நாளு நான் யாரு சாமி? புதுநன்மை வாங்கினது, உறுதிபூசுதல் வாங்கினது எல்லாம் பொய்யா?” ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் கோயிலில் கொடுப்பவை அவை.

விழுப்புரத்திலிருந்து நெருக்கடி வந்துகொண்டிருந்தது. சான்றிதழ் இல்லாமல் ஓலை வாசிக்க மாட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பதுதான் ஓலை. தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் இல்லை. பதினைந்து நாளுக்குள் சான்றிதழ் போகாவிட்டால் மூன்று ஓலைக்கு ஞாயிறு பற்றாது. பாஸ்கா, அதாவது ஈஸ்டர், கழிந்து பார்க்கலாமே என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் சொல்லி அனுப்பியிருந்தார். ‘பார்க்கலாம்’ என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பெண்ணுக்கு ஞானஸ்நானமே ஆகவில்லையாமே என்று அவர் உறவில் ஒருவர் கேட்ட பேச்சும் கீழத் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

மேலத் தெருவுக்கு நான் போகிறேன் என்றேன். வெளியூர்க்காரி, என்னிடம் யாருக்கும் கோபம் இல்லை, வேலை சுலபமாக முடியும் என்று கணக்குப் போட்டேன். அன்றிரவே தனியாக ஒரு தாள் அடித்து வைத்தேன். தலைப்பு ‘சாட்சி வாக்குமூலம்’. கீழே, ‘இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று ஒரு சதுரம். மறக்காமல் மை டப்பாவும் எடுத்துக்கொண்டேன்.

சின்னம்மா வாசலில் மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொல்லி, தாளையும் மை டப்பாவையும் அவர் முன்னால் வைத்தேன். தாளைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். மை டப்பாவைப் பார்த்தார்.

“இதுல எம்புள்ள பேரு வருமா?”

“வராதும்மா. உங்க பேரு மட்டும்தான்.”

“எம்பேரு வந்தா எம்புள்ள பேரு வந்த மாதிரிதான். ஏற்கனவே கோர்ட்டுக்கு அலைஞ்சுக்கினு பேஜாரா கீது. நீ கெளம்பு பாப்பா.”

தாளை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மோர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

சாமியார் தாளைப் பார்த்துவிட்டு, “போலீஸ் ஸ்டேஷன்லகூட இவ்ளோ நீட்டா அடிக்க மாட்டாங்க” என்றார். என் தவறு எனக்கே புரிந்தது. வழக்கு நடக்கிற வீட்டில் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

புதன்கிழமை அந்தப் பெண் என்னைக் கூட்டிக்கொண்டு தானே கிளம்பினாள். நான் சென்டரில் அரைநாள் லீவு சொல்லியிருந்தேன். காலை ஒன்பது மணிக்கு, மேலத் தெருக் குழாயடியில் அத்தனை பேரும் நிற்கும்போது நடந்தோம். தீ வைத்த நாளுக்குப் பிறகு கீழத் தெருவிலிருந்து அந்த வழியில் யாரும் போனதில்லை. குழாயடியில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

இந்த முறை நான் எதையும் கொண்டு போகவில்லை. அவள்தான் பேசினாள். கல்யாணம் என்று சொல்லவில்லை, சான்றிதழ் என்றும் சொல்லவில்லை.

“சின்னம்மா, நீ வரலன்னா எனக்கு மறுபடி தண்ணி ஊத்துவாங்களாம்.”

“மறுபடியா? எதுக்கு?”

“மொதல்ல ஊத்தினதுக்கு சாட்சி இல்லியாம்.”

அவர் சாணிக் கையைச் சேலையில் துடைத்தார். “அப்ப நான் தூக்கிக்கினு போனது இன்னாத்துக்கு? வெளையாடறதுக்கா?”

உள்ளே கட்டிலில் யாரோ எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. மகன். சின்னம்மா உள்ளே திரும்பி, “கோயிலுக்குப் போயிட்டு வர்றேன். மாட்டுக்குத் தண்ணி காட்டு” என்றார். பின்பக்க வழியாகப் போகலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

“பின்னால போனாதான் தப்பு” என்றார். “சேலை மாத்திக்கினு வர்றேன், இரு.”

திரும்பி வரும்போது குழாயடியில் ஒரு பெண் கேட்டாள். “எங்கக்கா, ஜல்தியா?”

“எம்பொண்ணுக்குக் கல்யாணம். எழுதிக் குடுக்கப் போறேன்.”

கோயிலில் சாமியார் நாற்காலி போட்டார். பெண்ணின் அண்ணன் வாசலோடு நின்றுகொண்டார். என்ன பார்த்தீர்கள் என்று சாமியார் கேட்டார். சின்னம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. சந்தை நாள். அந்தக் காலத்துச் சாமியார் சைக்கிளில் வந்தார், செயின் கழன்று கையெல்லாம் கிரீஸ், இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். “மூணு தபா தண்ணி ஊத்தினாரு. மூணாவது தபா இது கத்தின கத்துல பால் சுரந்து என் ரவிக்கை நனைஞ்சுபோச்சு. அவரு தண்ணி கொஞ்சம், எம்பாலு கொஞ்சம்.”

சாமியார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சட்டப்படி அவர் இன்னொன்றும் கேட்க வேண்டும். “ஊத்தறப்ப இன்னா சொன்னாருன்னு ஞாபகம் இருக்குதாம்மா?”

“பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னாரு. எனக்குத் தெரியாதா சாமி? எத்தினி வருஷமா உங்க ஸ்பீக்கரு எங்கூட்டைப் பார்த்துக் கத்திக்கினு இருக்குது.”

வாசலில் அண்ணன் சிரித்துவிட்டார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சிரித்ததை அவருடைய தங்கை பார்த்துவிட்டாள். சின்னம்மாவும் பார்த்துவிட்டார்.

சாமியார் பெண்ணின் படிவத்தில் எழுதினார்; அந்தப் படிவங்களைச் சேர்த்துத் தைத்ததுதான் புதிய பதிவேடு. சொன்னது போதும், கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பெயரும் வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றார். பயப்படாமல் போகட்டும் என்று அவரும் நானும் முன்பே பேசி வைத்திருந்தோம்.

“பேரு இல்லன்னா யாரு தூக்கினாங்கன்னு எப்பிடித் தெரியும்?” என்றார் அவர். “எழுதுங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “அந்த மை டப்பாவை ஊட்லயே வச்சுட்டியா?”

“ஆமாம்மா.”

“நல்லதாப் போச்சு. பேனாவைக் குடு.”

எழுத்து வகுப்பு ஊருக்கு வந்தபோது அவர் ஆறு மாதம் போயிருக்கிறார். நான் கொண்டுபோன தாளை அன்றைக்கு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார். சதுரத்துக்கு மேல் இருந்ததையும் சேர்த்து. “கைநாட்டுன்னு நீயாவே முடிவு பண்ணிட்டு வந்துட்ட” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரைப் பத்தாவது கட்டத்தில் எழுதினார். கட்டம் சின்னதாக இருந்ததால் கடைசி எழுத்து வெளியே போய்விட்டது. அளவு தவறாகக் கோடு போட்டதும் நான்தான்.

சாமியாரும் அண்ணனும் என்னோடு வர, சான்றிதழை அன்று மத்தியானமே சென்டரில் அடித்தேன். சாமியார் முத்திரை வைத்துக் கொடுக்க, அண்ணன் நாலு மணி பஸ்ஸில் விழுப்புரம் போய் நேரில் சேர்த்துவிட்டு வந்தார். ஞாயிறன்று முதல் ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஓலை முடிந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு ஆறு நாள் முன்னால் கல்யாணம் நடந்தது. கல்யாணம் முடிந்து திண்டிவனம் வந்து இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், நாள் முழுக்கத் தூங்கியது.

இப்போதைய நிலை இது. புதிய பதிவேடு இரும்பு பீரோவில் இருக்கிறது. ஒரு நகல் திண்டிவனத்தில் இருக்கிறது. வழக்கு சமரசமாக முடிந்துவிட்டது. தேர் இன்னும் மேலத் தெரு முனைவரை வந்து திரும்பிவிடுகிறது. குழாயடிக்கு மட்டும் இரண்டு தெருக்காரர்களும் வருகிறார்கள். அந்தப் பெண் விழுப்புரத்தில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். இரண்டு பேர் ஞானஸ்நானத்துக்கும் சின்னம்மா பஸ் ஏறிப் போய்த் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். விழுப்புரத்துப் பதிவேட்டில் பத்தாவது கட்டம் கிடையாது. அதனால் அது எங்கும் எழுதப்படவில்லை, இங்கே எழுதியிருக்கிறேன்.