மஞ்சள் நூல் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர்

தேனி கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஞானசிகாமணிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரில் ஒரு பெயர். ரேடியோ பிழைக்காது என்றால் பிழைக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். உண்மையில் அந்தப் பெயரை அவர் எடுத்தது ஒரு பொய் சொன்ன பிறகுதான். சொன்ன ஒன்றே ஆயுசுக்கும் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு.

அந்தப் பொய் 1963-இல் சொன்னது. காமயகவுண்டன்பட்டி ராக்கையா மைக்செட் தொழில் தொடங்க ஆசைப்பட்டு, கடையில் விற்கிற செட் வேண்டாம், ஓர் ஆள் உட்கார்ந்து தன் கையால் செய்த வால்வு செட்தான் வேண்டும் என்று வந்து நின்றார். ஞானசிகாமணி செய்த முதல் ஆம்ப்ளிஃபையர் அதுதான். இரும்புப் பெட்டி, பச்சைப் பெயிண்ட், ஐந்து கண்ணாடி வால்வு. எல்லாம் தயார், ஒலிபெருக்கிக் குழாய்க்குச் சத்தத்தைத் தள்ளிவிடுகிற டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் மெட்ராஸிலிருந்து வந்து சேரவில்லை. ஊர்த் திருவிழாவுக்கோ நாலு நாள்தான் இருந்தது.

ஞானசிகாமணி என்ன செய்தார் என்றால், கருகிப்போன பழைய ரேடியோ ஒன்றிலிருந்து தகடுகளைக் கழற்றித் துடைத்து, அதில் தானே செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டினார். மனைவி ஜெபமணி பக்கத்தில் உட்கார்ந்து மெழுகுத்தாளை வெட்டிவெட்டிக் கொடுத்தாள். கம்பி அவிழாமலிருக்க அவள் தையல் பெட்டியிலிருந்த மஞ்சள் நூலை எடுத்து இறுக்கிக் கட்டினார்.

செட்டை எடுக்க வந்த ராக்கையா, "எல்லாம் புதுசுதானே தம்பி?" என்று கேட்டார்.

"எல்லாம் புதுசுண்ணே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பார்சல் வந்ததும் மாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. அதனால், "வருசா வருசம் தை பிறக்கிறதுக்கு முன்ன கொண்டாந்து என்கிட்ட காமிச்சிருங்க" என்று சொல்லி அனுப்பினார். வேறு யாரும் திறந்து பார்த்துவிடக் கூடாதே என்று அடிமூடித் திருகின் மேல் அரக்கை உருக்கி வைத்திருந்தார்.

மறுவாரம் மெட்ராஸ் பார்சல் வந்தது. தை வந்தது. ராக்கையா வரவில்லை. அடுத்த தைக்கும் வரவில்லை. செட் புகைந்து செத்திருக்கும், விஷயம் தெரிந்து மனுஷன் தன் மூஞ்சியில் விழிக்கவே பிடிக்காமல் இருக்கிறார் என்று ஞானசிகாமணி தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கமாட்டார். அப்படி ஒரு ஆள். பிறகு இருபது செட்டுக்கு மேல் செய்தார். வாங்கியவர்கள் புகழும்போதெல்லாம் அந்த முதல் செட் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். மெட்ராஸ் டிரான்ஸ்ஃபார்மரை வேறு எதிலும் மாட்ட மனம் வரவில்லை. ராக்கையாவுக்கு உரிய சாமான் என்று அலமாரியிலேயே வைத்திருந்தார். கம்பம் பக்கம் போவதையே விட்டுவிட்டார். ஒருமுறை தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் பஸ்ஸின் ஜன்னலோரம் ராக்கையாவைப் பார்த்துவிட்டு, இறக்கி வைத்திருந்த வாழைத்தார்களுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்துக்கொண்டார். பஸ் புறப்படும்வரை எழுந்திருக்கவில்லை.

1976-இல் மகள் ஜெபராணிக்கு மாப்பிள்ளை அமைந்தது, பார்த்துப் பார்த்து, காமயகவுண்டன்பட்டியில். கல்யாணமும் அங்கேதான். சம்பந்தி ஏசுதாசன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "மைக்செட்டுக்குக் கவலையே இல்ல சம்பந்தி. நம்ம ராக்கையா அண்ணன் செட்டு. பதிமூணு வருசமா ஒரே வால்வு செட்டு. அது பாடலேன்னா இங்கன கல்யாணமே கிடையாது."

ஞானசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வீடு திரும்பினார்.

"நல்லா ஓடுதுன்னுதானே சொல்றாக? சந்தோசப்படாம ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் ஜெபமணி.

"இத்தன நாளு ஓடினது அன்னைக்குப் பாத்து நின்னா? போதகர் ஜெபம் பண்ற நேரத்துல புகைஞ்சா? இந்தா, இந்த ஆளுதான் எனக்குப் பழசைப் புதுசுன்னு வித்தாருன்னு ராக்கையா அண்ணே அத்தன பேரு முன்னால கை நீட்டினா, என் மக அந்த வீட்டுல எப்படிடி தலை நிமிர்ந்து இருப்பா?"

பெண்ணுக்கு வைத்த பட்டுப்புடவைப் பெட்டியின் அடியில் அந்த மெட்ராஸ் டிரான்ஸ்ஃபார்மரும், ஈயம் பற்றவைக்கிற சாமான்களும் காமயகவுண்டன்பட்டிக்குப் பயணமாயின.

சர்ச்சில் தாலி கட்டி முடித்துப் பந்தலுக்கு வந்தார்கள். தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. ஞானசிகாமணிக்கு அது பாட்டாகவே கேட்கவில்லை. எங்கே கரகரக்கிறது, எங்கே இரைகிறது என்றே காது அலைந்தது. போதகர் வாழ்த்த எழுந்தபோது மைக் கிறீச்சென்று கத்தியது. பெண்ணின் அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மைக்கைக் குழாய்க்கு நேராகத் திருப்பியிருந்தார்கள், அவ்வளவுதான். சரிசெய்ததும் போதகரின் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், மகளைப் பிரிகிற துக்கம் என்று.

பந்தி தொடங்கியது. செட்டைக் கொஞ்சம் ஆற விடலாம் என்று ராக்கையா அதை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். ஞானசிகாமணி டிரான்ஸ்ஃபார்மர் இருந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நழுவினார். பச்சைப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். அவர் வைத்த அரக்கு வைத்தபடியே இருந்தது. பதிமூன்று வருஷமாக ஒரு கையும் அதைத் தொடவில்லை.

"ஏலே, எவன்டா அது என் செட்டுல கைய வைக்கிறது?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். ஆனால் ஓடிவந்த ராக்கையா, ஆள் யாரென்று தெரிந்ததும் அப்படியே நின்று, திரும்பி நடையைக் கட்டப் பார்த்தார்!

"அண்ணே, நில்லுங்க. எங்க போறீக?"

"கோவிச்சுக்கிடாதீக தம்பி" என்றார் ராக்கையா, தரையைப் பார்த்தபடி. "வருசா வருசம் கொண்டாரச் சொன்னீக. நான் கொண்டாரல. வால்வு போனா மதுரையில வாங்கி, அடிமூடியத் தொடாம மேல்பக்கமா நானே மாட்டிக்கிட்டேன். உங்ககிட்ட கொண்டாந்தா திறப்பீக, எதையாச்சும் மாத்துவீக. மாத்தினா இந்தக் குரல் போயிருமேன்னு ஒரு பயம். தேனி பஸ் ஸ்டாண்டுல ஒரு நா உங்களப் பாத்துட்டு, செருப்பத் தேடுற மாதிரி சீட்டுக்கடியில குனிஞ்சவன், உப்பார்பட்டி தாண்டித்தான் நிமிர்ந்தேன்."

ஞானசிகாமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: வராத பார்சல், கருகிய ரேடியோ, சொன்ன பொய்.

கேட்டுக்கொண்டே ராக்கையா பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "திறங்க, பாப்போம்" என்றார்.

அரக்கைச் சுரண்டி மூடியைத் திறந்தார்கள். மஞ்சள் நூல் வெளுத்திருந்தது. ஓர் இழை அவிழவில்லை.

"அப்ப இது மெட்ராஸ் சரக்கு இல்லியா?"

"இல்லண்ணே."

"உங்க கைக் காயிலா?"

"ஆமாண்ணே. நானும் வீட்டுலயும் சேந்து கட்டினது."

ராக்கையா மூடியைத் தானே மாட்டித் திருகினார். சுவிட்சைப் போட்டார். வால்வுகள் சிவந்து வரும்வரை காத்திருந்தார். ராக்கையா மைக்கை எடுத்தார்.

"சாப்பிடுறவக சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. இந்தச் செட்டைச் செஞ்சது யாருன்னு இத்தன வருசமாக் கேட்டீக. சொன்னா எல்லாரும் போய் ஒண்ணொண்ணு செஞ்சுக்கிடுவீகன்னு நான் வாயத் திறக்கல. பொண்ணோட அப்பாதான்! கடையில வாங்கிப் போடாம, அந்தப் பொண்ணோட ஆத்தாளும் அப்பனும் சேந்து கையால காயில் சுத்தி மஞ்ச நூலு கட்டின செட்டு. தம்பி மாதிரி கையி இந்தப் பள்ளத்தாக்குலயே கிடையாது!"

பந்தியில் இலைக்கு முன்னால் இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். பெண்கள் வரிசையில் ஜெபமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மணப்பெண் எழுந்து நின்றே அப்பாவைத் தேடினாள். ஞானசிகாமணி அன்றைக்குத்தான், பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு, தன் முதல் செட் பாடுவதை நிம்மதியாக உட்கார்ந்து கேட்டார். எவ்வளவு நல்ல குரல் அதற்கு!

புறப்படும்போது டிரான்ஸ்ஃபார்மரை நீட்டினார். "இது உங்க சாமாண்ணே. எடுத்துக்கிடுங்க."

"அதை வச்சு நான் என்ன செய்ய? கொண்டுபோங்க தம்பி" என்றுவிட்டார் ராக்கையா.

கல்யாணத்துக்கு வந்திருந்த தேவதானப்பட்டி கருத்தக்கண்ணன் ஒரு வாரத்துக்குள் தனக்கும் ஒரு செட் வேண்டும் என்று கடைக்கு வந்துவிட்டார். அவருக்கு அந்த மெட்ராஸ் சாமானை மாட்டலாம் என்று எடுத்தால், "கடைச் சரக்கு வேண்டாம், மஞ்ச நூலு கட்டினதுதான் வேணும்" என்று அடம்பிடித்தார். ஜெபமணி மறுபடி மெழுகுத்தாள் வெட்ட உட்கார்ந்தாள். ஆடிக் காற்றில் கடைக் கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததால், அந்தப் புத்தம்புது டிரான்ஸ்ஃபார்மரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அது அங்கேயே இருந்துவிட்டது.

அடுத்த தை பிறப்பதற்கு ரெண்டு நாள் முன்னால் ராக்கையா வந்தார். கதவோரம் கிடந்த டிரான்ஸ்ஃபார்மரைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு கூடைத் திராட்சை இருந்தது. செட்டைக் கொண்டுவரவில்லை.