காகிதத் தட்டுக்காரி

எங்கள் ஃபேக்டரியில் ஆண்டு முடிவில் மக்கான்-மக்கான் நடக்கும். ஆளுக்கு ஒரு பண்டம் வீட்டில் செய்து கொண்டுவந்து, மத்தியான இடைவேளையில் சேர்ந்து சாப்பிடுவோம். யார் எதைக் கொண்டுவருவது என்று பட்டியல் போடுபவர் எங்கள் லைன் லீடர் அக்கா. நாசி லெமாக், மீ கோரிங், கோழிக் குருமா என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பண்டம் இருக்கும். என் பெயருக்கு மட்டும் நாலு வருடம் காகிதத் தட்டு, கப்தான் இருந்தது.

காரணம் உண்டு. முதல் வருடம் இரவல் வாங்கிய அவன் அடுப்பில் நான் சுட்ட கேக் அடியில் கரி, நடுவில் கூழ். அதைக் கடித்துப் பார்த்த அக்கா, அடுத்த ஆண்டிலிருந்து என்னைச் சமையல் பக்கமே விடவில்லை. லைன் முழுக்க 'தட்டுக்காரி' என்று கூப்பிட்டார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன்.

போன ஆண்டு, அந்தப் பெயரை ஒழித்தே தீருவது என்று இறங்கிவிட்டேன். அவன் அடுப்பே வேண்டாத உருண்டை. மாரி பிஸ்கட்டை நொறுக்கி, வறுத்த கச்சான் கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்து, பேரீச்சம்பழம், கொக்கோ தூள், டின் பால் எல்லாம் போட்டுப் பிசைந்து உருட்டி, தேங்காய்த் துருவலில் புரட்டி ஃப்ரிட்ஜில் வைத்தேன். வீட்டில் அருமையாக இருந்தது. ஆனால் ஃபேக்டரி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகவேண்டும், அங்கே ஃப்ரிட்ஜில் இடம் கிடைக்காது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் என் கணவரிடம் ஐந்து உருண்டைகளைக் கொடுத்து, சூட்டில் உருகாமல் நிற்கிறதா என்று பார்க்க மத்தியானம் வரை லாரியிலேயே வைத்திருக்கச் சொன்னேன்.

மாலையில் டப்பாவைத் திறந்தால் ஐந்தும் ஒன்றாகி அடைபோல் கிடந்தது. ஓரத்தில் கரண்டித் தடம்.

"ருசி நல்லாத்தான் இருக்கு லா," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே உருட்டியிருப்பேன்.

அப்புறம்தான் தீபாவளி மாலாடு நினைவுக்கு வந்தது. ஃப்ரிட்ஜ் இல்லாமலே ஒரு வாரம் அசையாமல் நிற்கிறதே, பொட்டுக்கடலை மாவுதானே அதைப் பிடித்து வைக்கிறது? டின் பாலைக் குறைத்து, அந்த மாவில் இரண்டு கை அள்ளிப் போட்டேன். மறுநாளும் அவரிடம் ஐந்து கொடுத்தேன். நாலைத் தின்றுவிட்டு ஒன்றைச் சாட்சிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். உருண்டை உருண்டையாகவே இருந்தது.

அக்காவிடம் போய் என் பெயருக்கு உருண்டை என்று எழுதச் சொன்னேன். எழுதினார். தட்டு, கப் என்று இருந்ததையும் அடித்துவிடவில்லை. கேட்டதற்கு, "ரெண்டும் இருக்கட்டும்மா, ஒரு சேஃப்டிக்கு," என்றார்.

இரண்டையும் கொண்டுபோனேன். வழி முழுக்க டப்பா என் மடியில்தான் இருந்தது. மூடியைத் திறந்தபோது ஒன்றுகூட நசுங்கவில்லை. பேக்கிங் பகுதி மலாய்ப் பெண்கள் செய்முறை கேட்டார்கள், ஒருத்தி பிள்ளைகளுக்கென்று மூன்றை டிஷ்யூவில் மடித்துக்கொண்டாள். அக்கா வந்து சேர்ந்தபோது மூலையில் ஒன்றுதான் மிச்சம். வாயில் போட்டு நிதானமாக மென்றார். கையிலிருந்த காகிதத் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு லைனுக்குத் திரும்பிவிட்டார். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

இந்த ஆண்டுப் பட்டியல் போன வாரம் வந்தது. என் பெயருக்கு எதிரே காலியாக இருந்தது. அக்கா பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீயே எழுது. நெறைய செய். போன தடவ எனக்கு ஒண்ணுதான் கெடச்சுச்சு."

தட்டு யார் வாங்குவது என்று கேட்டேன்.

"அத நான் வாங்கிட்டு வரேன்."

உருண்டை, இருநூறு என்று எழுதினேன். தேவைக்கு மேல் பெரிய எழுத்தில்தான் எழுதினேன். பேனாவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அக்கா பெயருக்கு எதிரே காகிதத் தட்டு, கப் என்பதையும் என் கையாலேயே எழுதினேன்.