மேனேஜருக்குப் பொருத்தம் பார்த்த ராஜலிங்கம்

கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் ராஜலிங்கத்தை ஊருக்குக் கல்யாணத் தரகராகத்தான் தெரியும். போட்டோக் கொப்பி எடுக்க வருகிறவன்கூடப் போகிற போக்கில், "அண்ணே, நம்ம தங்கச்சிக்கும் ஒரு எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். ஹந்தானையிலிருந்து கலஹா வரைக்கும் எந்த வீட்டுக்கு எந்த வீடு மாமன் முறை, எது பங்காளி முறை என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அப்பேர்ப்பட்ட மனிதர் மலைச்சாரல் உதைபந்தாட்டக் கழகத்துக்குச் செயலாளராகவும் இருந்தார். வினை அங்கேதான் பிடித்தது.

மலைச்சாரல் பொழுதுபோக்குக்குப் பந்து உதைக்கிற கழகம் அல்ல. சம்பளம் வாங்கி ஆடுகிற கழகம். சம்பளம் கொடுக்கிறவர் ஹாட்வெயார் கடை ஹபீல் ஹாஜியார். அந்த வருஷம் கழகம் தோற்ற தோல்வியைச் சொல்லி மாளாது. மழை பெய்தாலும் தோற்றது, வெயில் அடித்தாலும் தோற்றது. பொது முகாமையாளராக, ஊர் வாயில் மேனேஜராக, இருந்தவர் கட்டார் வேலை கிடைத்ததும் பிரியாவிடைத் தேநீருக்குக்கூட நிற்காமல் விமானம் ஏறிவிட்டார்.

ஹாஜியார் ராஜலிங்கத்தைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"ராஜலிங்கம், நான் செல்றதக் கேளுங்க. இந்த மாசத்துக்குள்ள ஒரு நல்ல மேனேஜர் வரணும். வராட்டி கழகத்த மூடிட்டு, அந்தக் கட்டடத்துல சீமெந்து மூட்டைய அடுக்கிறுவேன்."

"அவசரப்பட்டா ஆகுமா ஹாஜியார்? இதெல்லாம் விசாரிச்சு செய்ய வேண்டிய காரியம்."

"விசாரிக்கிறதுலதான் ஒங்களுக்குப் பேர் ஈக்கிதே. எத்தனை குமருகளக் கரை சேத்தவரு நீங்க. இதையும் பாத்து முடிங்க."

ராஜலிங்கத்துக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்த தலை கடையை விட்டு வெளியே வந்ததும் மறுபடி தாழ்ந்தது. காரணம் கோல் வாசலில் நின்றது.

கழகத்தின் கோல் கீப்பர் ஜெயராஜ், ராஜலிங்கத்தின் சொந்த அக்கா பாப்பம்மாவின் கடைக்குட்டி. நல்ல பிள்ளை. ஒருவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். பந்தையும் எதிர்க்க மாட்டான். அவனை அந்த இடத்தில் நிறுத்தியவர் தாய்மாமன் ராஜலிங்கம்தான். பாப்பம்மா சும்மா அக்கா அல்ல. தாய் செத்தபோது தம்பிக்குப் பால் பல்லே விழவில்லை. ஹந்தானை மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்து, அந்தச் சம்பளத்தில் தம்பியை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள். அவளுடைய புருஷன்கூட, "முதல்ல தம்பி சாப்பிடட்டும்" என்று சொல்லியே காலத்தை ஓட்டிய மனுஷன். அந்த அக்கா போன தைப்பொங்கலன்று சொல்லியிருந்தாள்: "எம்புள்ளைய அந்த எடத்துல இருந்து எறக்குனா, நீ எனக்குத் தம்பி இல்ல. ஒன்னோட ஒரு வார்த்த பேச மாட்டேன்."

எனவே ராஜலிங்கத்துக்கு வேண்டியது நல்ல மேனேஜர் மட்டும் அல்ல. கோல் வாசல் பக்கம் திரும்பிப் பாராத நல்ல மேனேஜர்.

முதலில் வந்தவர் அம்பிட்டியவில் இருந்து ஹில்மி. கெட்டிக்காரர். பேச்சோடு பேச்சாக, "கோல் கீப்பர் விஷயத்த என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். அன்று பின்னேரமே ராஜலிங்கம் ஹாஜியாரிடம், "ஆள் தங்கம். ஆனா பொறந்த நேரம் தெரியாதாம். எத வச்சுப் பொருத்தம் பாக்கிறது?" என்று கையை விரித்தார்.

அடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் முத்துலிங்கம். கண்டியில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஓம், வாறன். ஆனா முதல்ல அந்தக் கோலுக்கை நிக்கிற பெடியனை மாத்த வேணும்" என்றார். அவருக்குப் பிறந்த நேரம் நிமிஷத்தோடு தெரிந்திருந்தது. எனவே ராஜலிங்கம் வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று. கழகம் பதிவான நாளை வைத்துக் கோயில் ஐயரிடம் கழகத்துக்கு ஒரு நட்சத்திரம் கணித்து வாங்கிக்கொண்டு வந்தார். "நம்ம கழகம் உத்திராடம். இவருக்கும் கழகத்துக்கும் ரஜ்ஜு தட்டுது. சேந்தா குடும்பம் வெளங்காது."

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு, "இது வெளங்குற குடும்பமா இப்ப?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவதாகத்தான் கலஹா இளங்கோவின் பெயர் காதில் விழுந்தது. மாலைதீவில் ஒரு கழகத்தின் முழு நிர்வாகத்தையும் பார்த்துவிட்டு வந்தவன். வயது முப்பத்தைந்துக்கு மேல், கல்யாணம் ஆகவில்லை. ராஜலிங்கத்துக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை. அவன் இத்தனை வருஷம் கடலுக்கு அப்பால் இருந்தவன். ஜெயராஜ் கோல் காக்கும் அழகைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான். அதுதான் பிடித்தது.

சந்தோஷத்தில் கை பழகின வழியிலேயே போயிற்று. இளங்கோவின் அக்காள் புருஷனுடைய சித்தப்பாவைப் பிடித்தார். அவர் மூலம் பையனின் ஜாதகத்தை வாங்கினார். கழகத்தின் நட்சத்திரத்தோடு வைத்துப் பார்த்தால் பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஹாஜியாருக்குப் போன் போட்டு, "இந்த மாதிரிப் பொருத்தம் நான் கண்டதில்ல" என்றார். பிறகு அதே சித்தப்பாவிடம், "வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல வீட்டுக்கு வர்றோம்னு சொல்லிருங்க" என்று சொல்லி அனுப்பினார். என்ன காரியத்துக்கு வருகிறோம் என்பதைச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, கேட்க அந்தச் சித்தப்பாவுக்கும் தோன்றவில்லை. தரகர் ஜாதகம் வாங்கியிருக்கிறார், நல்ல நேரம் பார்த்து வருகிறார். இதில் கேட்க என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை ஹாஜியாரின் வேன் கலஹா ரோட்டில் ஏறி, தேயிலைக்குள் திரும்பி, இளங்கோவின் வீட்டுக்கு முன்னால் நின்றது. ராஜலிங்கம் வழக்கப்படி வாழைப்பழம், வெற்றிலை, பூ, கற்கண்டு வைத்த தட்டோடு இறங்கினார். வாசலில் தகரப் பந்தல். ஒரு இருபது முப்பது பேர் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நாவலப்பிட்டியில் இருந்து பெரியப்பா, அத்தை, ஒன்றுவிட்ட மச்சான்கள், முன்னொரு காலத்தில் கோபித்துக்கொண்டு போன சித்தி என்று எல்லாரும் வந்திருந்தார்கள். உள்ளே கேசரி மணத்தது. இளங்கோ புது வேட்டி கட்டி, உட்காரத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"மேனேஜர் வேலைக்கி இவ்வளவு மரியாதையா?" என்று ஹாஜியார் காதோடு கேட்டார்.

"நல்ல குடும்பம்" என்றார் ராஜலிங்கம். அவருக்கு உள்ளுக்குள் இலேசாக வியர்த்தது.

இளங்கோவின் தாய் சிட்டம்மா தட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "ஒங்களப் பத்தி நெறையக் கேள்விப்பட்டிருக்கோங்க. பொண்ணு போட்டோ கொண்டாந்திருக்கீங்களா? பொண்ணுக்கு எந்தத் தோட்டம்?"

ராஜலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் ஹாஜியார் முந்திக்கொண்டார். "பொண்ணா? எந்தப் பொண்ணு? நாங்க ஒங்கட மகன எங்கட கழகத்துக்கு மேனேஜரா எடுக்கத்தானே வந்தீக்கோம்."

கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்திருந்த சித்திதான் முதலில் கேட்டாள்: "அப்ப இந்தக் கேசரி யாருக்கு?"

சிட்டம்மா எழுந்து நின்றாள். "ஏங்க, ஜாதகம் வாங்கினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"பொருத்தம் பாத்தீங்க?"

"எட்டு இருக்குங்க."

"யாரோட?"

ராஜலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு, "கழகத்தோட" என்றார்.

நாவலப்பிட்டிப் பெரியப்பா தன் பெரிய குரலில், "காலம் மாறிப்போச்சு சிட்டம்மா. மருமக வேணுமுன்னு கேட்ட, பதினொரு பேர அனுப்பி வச்சிருக்காங்க" என்றார். பந்தல் சிரிப்பில் ஆடியது. சிட்டம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு நாளுக்காக எத்தனை வீடு ஏறி இறங்கிச் சனத்தைக் கூப்பிட்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதைப் பார்த்த ராஜலிங்கத்துக்குத் தான் செய்தது என்னவென்று அப்போதுதான் உறைத்தது.

இளங்கோதான் சூழ்நிலையைக் காப்பாற்றினான். "அம்மா, வந்தவங்களுக்கு மொதல்ல கேசரியக் குடுங்க. எனக்கு இந்த வேலையில ஆசைதான். பொண்ணு விஷயத்த அப்புறம் பேசலாம்." பிறகு ராஜலிங்கத்தின் பக்கம் திரும்பினான். "ஐயா, நான் ஒங்க டீமோட மேச் எல்லாம் பாத்திருக்கேன்."

வாய்க்குப் போன கேசரியை ராஜலிங்கம் தட்டிலேயே திரும்ப வைத்தார். "மாலைதீவுல இருந்தா?"

"பேஸ்புக்ல லைவ் போடுறாங்களே. எடுக்கிறது ஒரு பொண்ணு. ஆளத் தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும். ஒவ்வொரு பந்து வாறப்பவும், 'தம்பி, கண்ணத் தொறடா, கண்ணத் தொறடா'ன்னு கத்தும். ரூம்ல எல்லாரும் சிரிப்போம். ஆனா அந்தப் பொண்ணு சொல்றது சரிங்க. அந்தத் தம்பி பந்து வரும்போது கண்ண மூடிக்கிறாரு."

அந்தச் சத்தம் யாருடையது என்று ராஜலிங்கத்துக்குத் தெரியும். ஜெயராஜின் அக்கா சுகிர்தா. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். வீட்டில் கொலை நடந்தாலும் கணீரென்று செய்தி வாசிக்கக்கூடிய பெண்.

"நான் வாறேன்" என்றான் இளங்கோ. "ஒண்ணே ஒண்ணு. கோல்ல யாரு நிக்கிறதுன்னு நானும் கோச்சரும்தான் முடிவெடுப்போம். அதுல சொந்தம் பந்தம் யாரும் பேசக் கூடாது."

ஹாஜியார் ராஜலிங்கத்தைப் பார்த்தார். ராஜலிங்கம் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். "எதுக்கும் ஐயர்கிட்ட இன்னொரு தடவ..."

"எட்டுப் பொருத்தமுண்டு செல்லி என்னை இவ்வளவு தூரம் கூட்டி வந்தது நீங்க" என்றார் ஹாஜியார். "சீமெந்து வாற கெழம வருது ராஜலிங்கம்."

கழகத்தில் சம்பளம் வாங்கிச் சாப்பிடும் பிள்ளைகளின் முகங்கள் அவருக்கு முன்னால் வந்தன. அவர்கள் எல்லாருக்கும் அக்கா இருப்பாள், தாய் இருப்பாள். தன் அக்காவின் முகமும் வந்தது. வேன் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு, "சரி தம்பி. நீங்க சொன்னபடியே" என்றார்.

பொழுது சாய்வதற்குள் ஹந்தானைக்கு ஏறிப் போய்விட்டார். அடுத்தவர் சொல்லி அக்கா கேட்கக் கூடாது. பாப்பம்மா வாசலில் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேனேஜர் முடிவாயிருச்சு."

"நல்லது."

"ஜெயராஜ் இனிக் கொஞ்ச நாளைக்கு வெளிய ஒக்காரணும்."

பாப்பம்மா அரிசிக் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு கோழியைப் பார்த்து, "கேட்டியாடி? தாய்மாமன் வந்திருக்காரு. தேத்தண்ணி வேணுமான்னு கேளு" என்றாள். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பழக்கம்.

இளங்கோ வந்ததும் கழகம் வானத்தில் ஏறிவிட்டது என்று சொன்னால் பொய். முதல் மேச் சமமாக முடிந்தது. இரண்டாவதில் தோற்றார்கள், ஆனால் தோற்ற மாதிரித் தோற்றார்கள், விரட்டி அடிபட்ட மாதிரி இல்லை. மூன்றாவதில் வென்றார்கள். சீமெந்து வேறு கட்டடத்துக்குப் போயிற்று. ஜெயராஜ் வெளியே குடை பிடித்து உட்கார்ந்து கடலை சாப்பிட்டான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். பௌர்ணமிப் போயா லீவு தவறாமல் ராஜலிங்கம் அக்கா வீட்டுக்கு ஏறினார். அக்கா கோழியிடம் பேசினாள், அவரும் கோழியிடமே பதில் சொன்னார். கோழிக்குத்தான் நிம்மதி இல்லை.

லீக் முடிய இரண்டு மேச் இருந்தபோது ஒரு போயா. தேத்தண்ணியைத் திண்டில் வைத்துவிட்டு பாப்பம்மா கோழிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"கலஹாச் சிட்டம்மா போன் பண்ணினா. அவ மகனுக்கு நம்ம சுகிர்தாவப் புடிச்சிருக்காம். மேச்சுக்கு வாறப்ப பாத்துப் பேசியிருக்கான் போல. நல்ல பையனாம். தாய்மாமன்தானே முன்னுக்கு நின்னு பேசி முடிக்கணும்? ஊருக்கெல்லாம் முடிக்கிறவரு."

ராஜலிங்கத்துக்கு ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்துவிட்டது. அடுத்த நிமிஷம், அக்காவின் கண் ஏன் இப்படி மின்னுகிறது என்று யோசித்தார். இளங்கோ சுகிர்தாவைக் கட்டினால் ஜெயராஜ் அவனுக்கு மச்சினன். பொண்டாட்டியின் தம்பியைக் கடலை சாப்பிட விட்டுவிட்டு எந்த மேனேஜர் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட முடியும்? அதுவும் சுகிர்தா கையால்.

எல்லாம் தெரிந்தவள்போல அக்கா கோழியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ராஜலிங்கம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோழியின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"எங்க அக்காகிட்டச் சொல்லு. மாப்பிள்ள தங்கமான மாப்பிள்ள. நானே முன்னுக்கு நின்னு முடிச்சு வைக்கிறேன். ஆனா லீக் முடியட்டும்."

"அது வரைக்கும் பேச்ச எடுக்கக் கூடாதா?" என்று பாப்பம்மா தம்பியைப் பார்த்தே கேட்டாள். கோழி அந்தப் பக்கம் எழுந்து போயிருந்தது.