ரத்தம் கண்டால்

ஏழு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, மூன்று வருட வைத்தியத்தில் மாறியது. மாறிய பிறகும் பண்டத்தரிப்பிலிருந்து பஸ் பிடித்துக் கிளினிக்குக்குப் போய்வரவேண்டும். அங்கேயிருந்த தாதியை எல்லோரையும்போல நானும் மிஸி என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொரு முறையும் என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி ஒரே பாடத்தைச் சொல்வார். "காய்ச்சல் எண்டாலும், எங்கையெண்டாலும் ரத்தம் கண்டாலும் ஒளிக்கக்கூடாது. உடனை எனக்குச் சொல்லவேணும்." வாய்ப்பாடு மறந்தாலும் அதை நான் மறக்கவில்லை.

பதின்மூன்று வயதில், ஒரு சனிக்கிழமை காலை, ரத்தம் கண்டேன்.

வகுப்பில் பாதிப்பேர் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடும் முடிந்திருந்தது. சேலை, வீடியோக்காரர், பலகாரத்தட்டு எல்லாம் எனக்குத் தெரியும். அது எதனால் நடக்கிறது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. என்னைக் கண்டாலே பெண்கள் கதையை மாற்றிவிடுவார்கள். நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். சாவதைவிட அம்மாவிடம் சொல்வதுதான் பெரிய பயமாக இருந்தது. போன முறை அவர் பாதியாகிப்போனதைப் பார்த்தவள் நான்.

அம்மா தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்கு வாய்க்கால் தண்ணீரை மாறிக்கொண்டிருந்தார். அவருடைய போனை எடுத்துக்கொண்டு கக்கூசுக்குள் போய்க் கொண்டியைப் போட்டேன்.

"மிஸி, எனக்குத் திரும்ப வந்திட்டுது. ரத்தம் போகுது. அம்மாக்குச் சொல்லாதேங்கோ."

"பல்லு முரசாலையோ, மூக்காலையோ?"

இடத்தைச் சொன்னேன். மறுமுனையில் மிஸி அழுவது கேட்டது.

"பயப்பிடாதை குஞ்சு, இது அந்தப் பழைய வருத்தமில்லை. அம்மாட்டைப் போனைக் குடு" என்றார். அழுதுகொண்டு சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

வேறு வழியில்லாமல் தோட்டத்துக்கு ஓடினேன். போனைக் காதில் வைத்த அம்மா, "மெய்யாவோ மிஸி?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு அந்தச் சேற்றிலேயே குந்தியிருந்து, என்னைக் கட்டிப்பிடித்துக் குளறி அழத் தொடங்கினார். தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு பக்கத்துக் காணிக்குள் போனது.

"அழாதேங்கோ அம்மா, போன முறையும் மாறினதுதானே" என்று நான் அவரைத் தேற்றினேன். அதைக் கேட்டு இன்னும் கூடக் குளறினார்.

என் உயிரைக் காத்த மருந்துகளால் நான் பெரியபிள்ளையாகாமலே போகவும் கூடும் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஊரிலுள்ள கோயிலுக்கெல்லாம் நேர்த்தி வைத்து, மூன்று வருடமாக அம்மா காத்திருந்தது அந்த ரத்தத்துக்காகத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.