மூன்று பேர் அழுத பூ

சீருடைகளில் சின்னம் தைத்துக் கொடுக்கும் அந்தத் தையல்காரிக்குத் தெரு வைத்த பெயர் பொத்தான் அக்கா. ஆளை மறந்துவிடுவாள், தையலை மறக்கமாட்டாள். தெருவில் போகிறவரை நிறுத்தி, "சட்டை நான் தைச்சது. காலர்ல யாரோ கை வெச்சிருக்காங்களே?" என்பாள்.

அவளுடைய எம்பிராய்டரி மெஷின் ஆறே வருடத்தில் மூக்கால் அழத் தொடங்கியது. வேறு கம்பெனி மெஷினுக்கு மாறலாமா என்று, அதே மெஷின் வைத்திருப்பவர்களின் இணையக் குழுவில் கேட்டாள். கேட்டதுதான் தாமதம், ஒருத்தி ஓடிவந்தாள். "மாறிட்டு அழுதுட்டிருக்கேன் அக்கா, பாருங்க!" கூடவே, நூல் பொங்கிக் கிடந்த ஒரு பூவின் படம்.

"அழாதே கண்ணு" என்று பதில் எழுதிவிட்டு, பொத்தான் அக்கா ஆசையை மூட்டை கட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை ஒரு பெரியவர் அழுதார், படத்தோடு. அவளுக்குப் பொறி தட்டியது. பழைய பதிவுகளைத் துழாவினால் மூன்றாவதாக ஓர் அழுகை.

"ஏங்க, இங்க வாங்க. மூணும் ஒரே துணி. திருப்பித் திருப்பி வெச்சுப் படம் எடுத்திருக்காங்க."

லாரி ஓட்டும் கணவர் எட்டிப் பார்த்தார். "எனக்கு மூணும் பூவாத்தான் தெரியுது."

"உங்களுக்கு எல்லா லாரியும் ஒண்ணாவா தெரியுது? அஞ்சாவது இதழைப் பாருங்க, ஊசி தடுமாறியிருக்கு. மூணுலயும்!"

அவர் கண்ணாடியை மாட்டினார். "அட, ஆமா!"

மூன்று படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "ஒரே பூவுக்கு ஏன் மூணு பேர் அழறீங்க?" என்று குழுவில் போட்டாள். பத்து நிமிடத்தில் பதிவைக் காணோம். பிறகு அவளையே குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். தன் மெஷினைச் செய்த கம்பெனிக்கு எழுதினாள். 'அந்தக் குழுவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை' என்று வழுவழு பதில். யார் வேலை என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால், இல்லாத ஒருத்திக்குப் போய் ஆறுதல் சொன்னோமே என்பதுதான் அவளுக்கு எரிந்தது.

மறுநாளே தன் துணியையும் நூலையும் பையில் போட்டுக்கொண்டு மற்ற கம்பெனியின் கடைக்குப் போனாள். இருப்பதிலேயே சிக்கலான சின்னத்தை மூன்று முறை தைக்கச் சொன்னாள். மூன்றும் சுத்தம். வாங்கிவிட்டாள்.

அந்தப் பத்து நிமிடத்தில் பதிவைப் பார்த்த ஒருத்தி, அவள் புது மெஷின் வாங்கியதைக் கேள்விப்பட்டுப் போன் செய்தாள். "நிஜமாவே நல்லா தைக்குதா அக்கா?"

"என் பேச்சை எதுக்கு நம்புற? உன் துணியோட வா."

மாத முடிவுக்குள் ஏழு பேர் துணியோடு வந்தார்கள். ஒருத்தி தையலைப் புரட்டி, அடிப்பக்கம் பார்த்து, முகம் மலர்ந்தாள். "ஆனா சத்தம் ஜாஸ்தியா இருக்கே?"

"ஜாஸ்திதான்" என்றாள் பொத்தான் அக்கா. "காது குடையுது. அதையும் யோசிச்சுட்டு வாங்கு."